ஸ்கேன்னா பாப்பாவுக்கு மட்டும்தானா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஹாஸ்டல் மெஸ்ஸில் சப்பாத்தி, குருமா. பாதிச் சாப்பாட்டில் என் ரூம்மேட்டுக்கு ஒரு போன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவன், அப்புறம் தட்டைத் தொடவே இல்லை.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மச்சி."

'ஒண்ணுமில்ல' என்றால் ஏதோ பெரிசா இருக்குன்னு அர்த்தம். இது ஹாஸ்டலின் எழுதப்படாத சட்டம். பதினோரு மணிக்கு, லைட்டை அணைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அம்மாவுக்கு வயிறு பெரிசாயிக்கிட்டே போவுதாம்டா. தங்கச்சி சொல்றா. ஊருல ஒரு மாதிரி பேசுறாங்களாம்."

அவன் ஊர் கல்வராயன் மலை. வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே போகணும். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். (கேரளா இல்லை பாஸ்! கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, ஜவ்வாது மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும், தமிழ் பேசும் மக்கள்.) அந்த வீட்டிலிருந்து இன்ஜினீயரிங் படிக்க இறங்கி வந்த முதல் ஆள் அவன்தான். அம்மாவுக்கு வயசு 46. காலேஜ் படிக்கிற மகன், ப்ளஸ் டூ படிக்கிற மகள். இந்த வயசில் வயிறு பெரிசானால் ஊர் என்ன பேசும்? நீங்கள் இப்போது என்ன நினைத்தீர்களோ, அதைத்தான் ஊரும் பேசியது.

அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? புடவையைக் கொஞ்சம் தூக்கிச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. 'கேஸ் ட்ரபுள்' என்று யாரோ கொடுத்த மாத்திரையை முழுங்கிக்கொண்டு, மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போய் வந்தார். ஒரு வாரம், ரெண்டு வாரம் இல்லை... ஏழு மாசம்!

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கலாமேடா?" என்றேன்.

இருட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "ஸ்கேனுக்குப் போனா, ஊரு சொல்றது நெசம்னு ஆயிடும்ல?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ஸ்கேன் என்றால் கர்ப்பம், கர்ப்பம் என்றால் ஸ்கேன்! நம்ம ஊரில் இந்த ரெண்டு வார்த்தையும் அப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்தப் பசையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. (பசங்களா, 'பொண்ணுங்க சமாச்சாரம்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்க வீட்டிலும் ஓர் அம்மா இருக்காங்க!)

இன்னொரு விஷயம். அந்த அம்மாவிடம் கேட்டு, அவர் 'சரி' சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். "எழுது தம்பி, பேரு மட்டும் போடாத" என்றார். ஸோ, நோ நேம்ஸ்!

"ஏங்க்கா, எத்தனாவது மாசம்?"

அடுத்த சனிக்கிழமை. முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தார்கள் அம்மாவும் தங்கச்சியும். எனக்குக் கள்ளக்குறிச்சிதான் சொந்த ஊர் என்பதால் வழிகாட்டி வேலை எனக்கு. டாக்டர் வயிற்றைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, வயிறும் அடிவயிறும் சேர்த்து அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் முதல் கட்டளை, "ஒரு லிட்டர் தண்ணி குடிங்க. யூரின் முட்டுற வரைக்கும் போகக் கூடாது." நானும் ரூம்மேட்டும் பாட்டில் வாங்க ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால், பெஞ்ச் முழுக்கக் கர்ப்பிணிப் பெண்கள். அம்மா ஒரு மூலையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி வெள்ளந்தியாகக் கேட்டாள்: "ஏங்க்கா, எத்தனாவது மாசம்?"

ரூம்மேட் முகம் செத்துப் போச்சு. நான் பாட்டில் மூடியைத் திறப்பதில் ரொம்பத் தீவிரமாகிவிட்டேன். பதில் சொன்னது தங்கச்சிதான். கொஞ்சம்கூடக் குரலைக் குறைக்காமல் சொன்னாள்: "மாசம் இல்லக்கா. வயித்துல கட்டி. அதைப் பாக்க வந்திருக்கோம்."

ஏழு மாசமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அப்புறம் பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தார்.

அட, நம்ம லேப் மெஷின்!

உள்ளே அம்மாவோடு போனது தங்கச்சி மட்டும்தான். கதவு மூடுவதற்குள் எனக்குக் கிடைத்தது மூன்றே செகண்ட். அதில் கண்ணில் பட்டது ஒரு ப்ரோப், ஒரு ஜெல் பாட்டில், ஒரு ஸ்கிரீன்.

'அட, இது நம்ம என்.டி.டி. லேப் ஆச்சே!'

மெக்கானிக்கல் பசங்களுக்குச் சட்டென்று புரியும். மற்றவர்களுக்கு ஒரு குட்டி விளக்கம். வெல்டிங் போட்ட இரும்புக்குள்ளே விரிசல் இருக்கா, ஓட்டை இருக்கா என்று உடைக்காமலே கண்டுபிடிக்கிற வித்தைதான் என்.டி.டி. இரும்பின் மேல் கிரீஸோ ஜெல்லோ தடவி, ப்ரோப்பை வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புவோம். விரிசலில் பட்டு எக்கோ திரும்பி வரும். வந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுவோம். திருச்சி பெல்லில் பாய்லர் வெல்டிங்குகளைச் சோதிக்கிறார்களே, அதிலும் இந்த வித்தை உண்டு.

வயிற்று ஸ்கேனும் அச்சு அசல் இதேதான். நம் காது கேட்கிற எல்லை செகண்டுக்கு 20 ஆயிரம் அதிர்வு. வயிற்றில் வைக்கிற ப்ரோப் சாதாரணமாக 35 லட்சம் அதிர்வில் வேலை செய்கிறது. இரும்பில் ஒலி செகண்டுக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். உடம்பின் சதையில் சராசரி 1,540 மீட்டர். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிற ஒன்றில் பட்டுத் திரும்ப 130 மைக்ரோ செகண்ட் போதும். இப்படி ஆயிரக்கணக்கான எக்கோக்களைச் சேர்த்துத்தான் ஸ்கிரீனில் அந்தக் கறுப்பு-வெள்ளைப் படம். எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இதில் கிடையாது.

ஜெல் எதற்கு? தோலுக்கும் ப்ரோப்புக்கும் நடுவில் துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். ஜெல் அந்தக் காற்றை விரட்டுகிறது. தண்ணி எதற்கு? கர்ப்பப்பைக்கு முன்னால் குடல் கிடக்கிறது. குடல் முழுக்க கேஸ். சிறுநீர்ப்பை நிரம்பினால் குடலை மேலே தள்ளிவிட்டு, ஒலி உள்ளே போக ஒரு தண்ணீர் ஜன்னலைத் திறந்துவிடும். அந்த ஜன்னல் வழியாகத்தான் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் தெரிகின்றன. ஆக, முட்டிக்கொண்டு உட்கார வைப்பது டார்ச்சர் இல்லை மக்களே, டெக்னிக்!

கார் டிக்கியில் கட்டிகள்

என்.டி.டி. மெஷினும் ஸ்கேன் மெஷினும் ஒரே ஜாதகமா இருக்கே என்று தேடியபோதுதான் அந்தக் கதை சிக்கியது. சினிமாவாக எடுக்கலாம்!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். இயான் டொனால்ட் என்று ஒரு மகப்பேறு மருத்துவப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்ததால் ராடார், சோனார் விஷயமெல்லாம் அத்துப்படி. 'தண்ணிக்குள்ள நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க முடியுதுன்னா, வயித்துக்குள்ள கட்டியைக் கண்டுபிடிக்க முடியாதா?' என்று அவருக்குள் ஒரு குடைச்சல். 1955 ஜூலை 21. ஆபரேஷனில் எடுத்த நார்க்கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு நேராகப் போனது எங்கே தெரியுமா? பாய்லர் தயாரிக்கிற பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலைக்கு! அங்கே வெல்டிங் சோதிக்கிற மெஷினைக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு. தண்ணீர் நிறைந்த கட்டி ஒரு மாதிரி எக்கோ கொடுத்தது, கெட்டியான கட்டி வேறு மாதிரி கொடுத்தது. மேட்டர் ஓவர்!

அடுத்த ஹீரோ நம்ம ஆளு. டாம் பிரவுன், 20-களின் தொடக்கத்தில் இருந்த இளம் இன்ஜினீயர். கெல்வின் அண்ட் ஹ்யூஸ் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் விளக்கு வேலைக்காகப் போன இடத்தில், 'இங்கே ஒரு புரொஃபசர் இரும்பைச் சோதிக்கிற மெஷினைப் பெண்கள் வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்' என்று காதில் விழுகிறது. சும்மா விடுவாரா? அவரே போன் போட்டு டொனால்டைப் பிடித்தார். இரண்டு பேரும் டாக்டர் ஜான் மெக்விகாரும் சேர்ந்து, படமாகவே காட்டுகிற மெஷினைக் கட்டி முடித்தார்கள்.

அப்போது அவர்களிடம் ஒரு பெண்ணைக் காட்டினார்கள். வயிறு வீங்கிக் கிடந்தது. இரைப்பைப் புற்றுநோய், ஆபரேஷனே செய்ய முடியாது என்று கைவிடப்பட்டவர். டொனால்ட் குழு மெஷினை வைத்துப் பார்த்தது. உள்ளே தெளிவான ஓரத்தோடு ஒரு மாபெரும் நீர்க்கட்டி! சினைப்பையில் வந்த, புற்றுநோய் அல்லாத கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

1958 ஜூன் 7. லான்செட் மருத்துவ இதழில் மூன்று பேரின் கட்டுரையும் வெளியானது. உலகம் முழுக்க மகப்பேறு ஸ்கேனுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதுதான். ஆனால், அதன் தலைப்பு என்ன தெரியுமா? 'வயிற்றுக் கட்டிகளை ஒலி அலைகளால் ஆராய்தல்' என்ற பொருளில் இருந்தது. குழந்தைப் படமும் உள்ளே உண்டு. ஆனால், தலைப்பில் இருந்தது கட்டிதான்.

யோசித்துப் பாருங்கள். நாம் பாப்பாவுக்கான மெஷின் என்று நினைக்கிற இது, அம்மாவின் கட்டியைத் தேடித்தான் முதலில் வயிற்றுக்கு வந்தது. பாப்பா அப்புறம் வந்த விருந்தாளி!

நல்ல கட்டி, கெட்ட கட்டி

'கட்டி' என்றதும் நாம் எல்லோரும் நேராகப் புற்றுநோய்க்குப் போய்விடுகிறோம். ஆனால், அடிவயிற்றுக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஸ்கேனில் ஒரு முகம் இருக்கிறது.

தண்ணீர் மட்டும் இருக்கிற நீர்க்கட்டி: எக்கோ வராது. அதனால் பளிச்சென்று கறுப்பாகத் தெரியும்.

ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி: கர்ப்பப்பைச் சதையிலேயே வளர்வது. உருண்டையாக, கெட்டியாக, கோடு கோடாக நிழல் விழுந்து தெரியும். ரொம்ப சகஜமான கட்டி. 50 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வருகிறது. பல பேருக்கு வந்ததே தெரியாது.

சாக்லேட் சிஸ்ட்: எண்டோமெட்ரியோசிஸ் என்கிற பிரச்னையில் சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்குவது. பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும்.

டெர்மாய்டு: உள்ளே கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும்! வெள்ளையாக மின்னி, பின்னால் நிழல் அடிக்கும்.

சரி, கெட்டது எப்படித் தெரியும்? இதற்கு ஒரு சூப்பர் செக்லிஸ்ட் இருக்கிறது. ஐரோப்பிய டாக்டர்கள் தொடங்கிய 'ஐயோட்டா' என்கிற குழு 2008-ல் வெளியிட்டது. நல்ல அடையாளம் ஐந்து, கெட்ட அடையாளம் ஐந்து. ஒரே அறை, வழவழப்பான சுவர், உள்ளே ரத்த ஓட்டம் இல்லை என்பதெல்லாம் நல்ல பக்கம். ஒழுங்கில்லாத கெட்டிச் சதை, உள்சுவரில் நாலு அல்லது அதற்கு மேல் மொட்டுகள், வயிற்றில் நீர் கோத்தல், டாப்ளரில் பார்த்தால் ஏகப்பட்ட ரத்த ஓட்டம் என்பதெல்லாம் கெட்ட பக்கம். நல்லது மட்டும் இருந்தால் சாதாரணக் கட்டி. கெட்டது மட்டும் இருந்தால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் கலந்திருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ 'முடிவு சொல்ல முடியாது'. அப்போது அனுபவசாலி டாக்டரின் கண்ணோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ தேவை. அந்த ஆய்வில் ஏறக்குறைய நாலில் மூன்று கட்டிகளுக்கு இந்த எளிய விதிகளே பதில் சொல்லிவிட்டன.

கூடவே சி.ஏ.-125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை. 35-க்குக் கீழே என்றால் நார்மல். ஆனால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, காசநோய்... ஏன், பீரியட்ஸ் சமயத்தில்கூட இது ஏறும். படமும் ரத்தமும் வயசும் சேர்ந்துதான் கதை சொல்லும். கடைசித் தீர்ப்பு, எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பயாப்ஸியிடம்.

அரைக் குடம் தண்ணி

கதவு திறந்தது. முதலில் தங்கச்சி. "பெரிசா, கறுப்பா, பலூன் மாதிரி இருக்குண்ணே. ஸ்கிரீன்ல அடங்கவே இல்ல."

டாக்டர் அம்மா கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். சினைப்பையில் நீர்க்கட்டி. ஒரே அறை. சுவர் மெல்லிசு. கெட்டிச் சதை இல்லை. ரத்த ஓட்டம் இல்லை. விட்டம் 22 சென்டிமீட்டர். "பார்க்க நல்ல கட்டியாத்தான் தெரியுது. ஆனா, இவ்வளவு பெரிசை விட்டு வைக்கக் கூடாது. ரத்தம் டெஸ்ட், சி.டி. எடுத்துட்டு ஆபரேஷன் பண்ணிடலாம்."

ரூம்மேட் போன் கால்குலேட்டரைத் திறந்தான். கோளத்தின் கன அளவு. ஆரம் 11. தட்டினான். "அஞ்சரை லிட்டர் மச்சி..." என்றான். குரல் உடைந்துவிட்டது. "அரைக் குடம் தண்ணி. இதைத் தூக்கிக்கிட்டா எங்கம்மா மலை ஏறி இறங்கிச்சு?"

ரத்தம், சி.டி. இரண்டிலும் பயப்பட எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன். கட்டியையும் அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் எடுத்தார்கள். கர்ப்பப்பையைத் தொடவே இல்லை. பயாப்ஸி ரிசல்ட்: புற்றுநோய் இல்லை!

'கர்ப்பப்பையைத் தொடவில்லை' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் சுமார் 3 சதவிகிதம் பேர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள். அதில் எத்தனையோ அவசியமானவைதான். ஆனால், 'கட்டியா? எடுத்துடு' என்று கையோங்குவதற்கு முன்னால், எது கட்டி, எங்கே இருக்கு, என்ன மாதிரி என்று படம் எடுத்துப் பார்ப்பது ஒரு பெண்ணின் உரிமை.

மெஷின் ஏன் மலை ஏறலை?

ஒரு சந்தேகம். இப்போதெல்லாம் கைக்கு அடக்கமான ஸ்கேன் மெஷின் வந்துவிட்டதே, ஒரு பைக்கில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனால் என்ன? எனக்கும் அதே ஐடியாதான் வந்தது. ஆனால், முடியாது. காரணம், சட்டம்.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. 1996-ல் அமலானது. 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் பதிவு செய்யப்பட வேண்டும். 2012 விதிகளின்படி, தூக்கிச் செல்லும் மெஷினை இஷ்டத்துக்கு ஊர் ஊராகக் கொண்டுபோக முடியாது. மற்ற சிகிச்சைகளும் தருகிற, முறையாகப் பதிவு செய்த நடமாடும் மருத்துவமனைக்கு மட்டும் வழி உண்டு.

'அநியாயம்'னு சட்டத்தைத் திட்டிவிடாதீர்கள். நம்ம சேலத்தில்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்க வேண்டி வந்தது. ஏன்? பெண் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தோம். திருட்டுத்தனமாகப் பாலினம் சொல்லும் ஸ்கேன் கும்பல்கள் இந்த வட்டாரத்தில் பிடிபட்ட செய்திகள் சமீப வருடங்களிலும் வந்தன. பூட்டு தேவைதான். ஆனால், ஒரு விஷயம் உறுத்துகிறது. பெண் குழந்தையைக் கருவிலேயே அழிக்க அதே மெஷினைத் தேடி ஓடுகிற ஊர், வளர்ந்த பெண்ணின் வயிற்றுக் கட்டியைப் பார்க்க அந்த மெஷினைத் தேடுவதில்லையே!

ஆக, மெஷின் ஏறாவிட்டால் மனுஷிதான் இறங்கணும். இறங்குவது லேசா? ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய பொழுது போச்சு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை, பஸ், மருத்துவம் எல்லாம் அதில் பேசப்பட்டன. நீதிமன்றமே கேட்கிற அளவுக்குத்தான் மலையின் நிலைமை.

மாறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. விழுப்புரத்தோடு ஒட்டிக் கிடந்த கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 12-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரி என்றால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று அலைய வேண்டும். இப்போது மெஷின் மலையடிவாரம் வரைக்கும் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது மலைப் பாதை மட்டும் இல்லை, அந்தக் கூச்சமும்தான்.

கேம்பஸ் கண்மணிகளுக்கு...

இது ஏதோ 46 வயசு அம்மாக்கள் மேட்டர் என்று நினைக்காதீர்கள். டாக்டர் அம்மாவிடம் கேட்டும், தேடிப் படித்தும் நான் நோட் பண்ணிக்கொண்டு வந்தது இதோ.

"எனக்கு நீர்க்கட்டி இருக்கு" என்று கிளாஸில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் பி.சி.ஓ.எஸ். அதில் தெரிவது முழுசாக வளராத குட்டிக் குட்டி சினைமுட்டைப் பைகள். நம்ம ரூம்மேட் அம்மாவுக்கு வந்த கட்டி வேறு, இது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பேர் வைத்ததால் வந்த குழப்பம்! வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்யக் கூடாது என்று 2018 சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது.

பீரியட்ஸ் வரும் வயதில், 5 சென்டிமீட்டருக்குக் குறைவான சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் ரெண்டு, மூணு மாதத்தில் தானாகவே மறைந்துவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்து அழ வேண்டாம். எப்போது மறுபடி பார்க்கணும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கல்யாணம் ஆகாத பெண்களுக்கு ஸ்கேன் என்றால் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால், உங்கள் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. கூட ஒரு பெண் இருக்கணும் என்று கேட்கலாம்.

'பீரியட்ஸ்னா வலிக்கத்தான் செய்யும்' என்ற டயலாக்கை ஓரம் கட்டுங்கள். மாசா மாசம் காலேஜுக்கே வர முடியாத அளவு வலி என்றால் அது காட்ட வேண்டிய வலி.

அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று உயிர் போகிற வலி, கூடவே வாந்தி என்றால் உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். லேட் ஆனால் சினைப்பையே போய்விடும்.

இப்போது உங்கள் அம்மாக்களுக்கு. வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி யூரின், அடிவயிற்று வலி... இவற்றில் ஏதாவது சமீபத்தில் புதுசாக ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் ஒரு ஸ்கேன் அவசியம். பீரியட்ஸ் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால் தள்ளிப் போடவே கூடாது.

அதற்காக எல்லோரும் நாளைக்கே லைனில் நிற்க வேண்டாம். பிரிட்டனில் பீரியட்ஸ் நின்ற வயதுள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வருஷா வருஷம் பரிசோதனை செய்தும் சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. தொந்தரவு இருக்கிறவர்கள் மறைக்காமல் வருவதுதான் முக்கியம்.

மறுபடி அதே பெஞ்ச்

ஆபரேஷன் முடிந்து மூணு மாசம். செக்கப்புக்கு வந்த அம்மாவை பஸ் ஸ்டாண்டில் அழைக்கப் போனேன். புடவையை மற்றவர்கள் மாதிரி சாதாரணமாகக் கட்டியிருந்தார். கூடவே இன்னோர் அம்மா. அதே ஊர். "இவளுக்கும் ரொம்ப நாளா உதிரப்போக்கு தம்பி. வர மாட்டேன்னா. நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்."

கிளாஸ்கோ கதையைச் சொன்னேன். கார் டிக்கி, பாய்லர் ஃபேக்டரி, டாம் பிரவுன் எல்லாம். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த மெஷினு செஞ்ச புள்ளையும் உங்கள மாதிரி இஞ்சினீரு படிச்சதுதானா?" என்றார். நானும் ரூம்மேட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு அரியர் இருப்பதை அந்த நேரத்தில் சொல்லவில்லை!

ஸ்கேன் சென்டரில் அதே பெஞ்ச். அதே கூட்டம். கூட வந்த அம்மா கூச்சத்தில் குறுகி உட்கார்ந்திருந்தார். எதிரில் இருந்த பாட்டி ஒருத்தர் அவரைப் பார்த்துக் கேட்டார், "என்ன கண்ணு, விசேஷமா?"

இந்தத் தடவை தங்கச்சிக்கு வேலை வைக்கவில்லை. அம்மாவே சொன்னார்.

"விசேஷம் இல்ல பாட்டி. உடம்பு சரியில்ல, பாக்க வந்திருக்கு. ஸ்கேன்னா பாப்பாவுக்கு மட்டும்தானா? எங்களுக்கும்தான்!"